உப்பு ஏறிய வேகத்தையும் எழுதுங்கள்

மகன் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரில் எல்லாம் இருந்தன. எம்.ஆர்.ஐ. படங்கள், மூன்று மருத்துவமனைகளின் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஒரு விபூதிப் பொட்டலம். அவருடைய அம்மாவுக்கு 62 வயது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. எழுந்து நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டது. கழுத்து மெல்ல இடப்பக்கம் திருகியது. "கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது டாக்டர்" என்றார். அப்படியே பின்னோக்கி நடந்து வரச் சொன்னேன். பாதம் நேராகிவிட்டது.

முன்னால் நடந்தால் திரும்பும் கால், பின்னால் நடந்தால் திரும்பவில்லை. இதைப் பார்க்கும் வீட்டாருக்கு என்ன தோன்றும்? நடிப்பு என்றோ, மனசு சரியில்லை என்றோதான் தோன்றும். அந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அவரை ஏற்கெனவே பார்த்த ஒருவர் மனநோய்க்கான மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். உண்மையில் இது டிஸ்டோனியா என்ற இயக்கக் கோளாறின் குணம். மூளை ஒரு குறிப்பிட்ட அசைவுக்கான கட்டளையைத் தவறாக அனுப்பும்போது அந்த அசைவில் மட்டும் தசை முறுக்கிக்கொள்ளும். அசைவு மாறினால் முறுக்கும் விடும்.

ஐந்து மாதங்களுக்கு முன் நடந்ததை மகன் சொன்னார். அம்மா பல ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, நான்கு நாட்கள் வெறும் கஞ்சித் தண்ணீரோடு கிடந்திருக்கிறார். பேச்சு குழறி, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போனதும் பக்கத்து ஊர் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். "உப்புச்சத்து குறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. ராத்திரி டிரிப்ஸ் ஏத்தினாங்க. காலைல எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாங்க. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டோம்." நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் பேச்சு மறுபடியும் குழறியது. விழுங்கினால் புரையேறியது. கால்கள் துவண்டன. பக்கவாதம் என்று பதறி வேறு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரண்டு மாதங்களில் அதிலிருந்தும் தேறி, சுவரைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கினார். எல்லாம் முடிந்தது என்று குடும்பம் மூச்சுவிட்ட மூன்றாம் மாதத்தில்தான் பாதம் திரும்பத் தொடங்கியது.

முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். 'ஹைப்போநட்ரீமியா - சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. ரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு குறைவதைத்தான் அப்படிச் சொல்வோம். எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஆனது, எத்தனை மணி நேரத்தில் ஆனது என்று எதுவும் இல்லை. கவரின் அடியில் நான்காக மடித்த இரண்டு லேப் சீட்டுகள் கிடந்தன. மகன் தூக்கிப்போடாமல் வைத்திருந்தவை. மாலை 6 மணிக்கு சோடியம் 104. மறுநாள் காலை 8 மணிக்கு 126. பதினான்கு மணி நேரத்தில் 22 ஏறியிருக்கிறது. ஐந்து மாதமாக மூன்று இடங்களில் தேடிய நோயின் பெயர் அந்த இரண்டு சீட்டுகளில் இருந்தது.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். நம் லேப் சீட்டுகளில் இது மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சாகியிருக்கும். சோடியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான். இந்த அளவு குறையும்போது ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுகிறது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை போலச் செல்கள் உப்புகின்றன. மண்டையோட்டுக்குள் உப்புவதற்கு இடமில்லை என்பதால்தான் குழப்பம், மயக்கம், வலிப்பு எல்லாம். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும், டாரின், குளூட்டமேட், மையோ இனோசிட்டால் போன்ற கரைபொருள்களையும் வெளியே தள்ளித் தன்னை வற்றவைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 48 மணி நேரத்தில் இந்த வேலை முடிந்துவிடும். அதன் பிறகு, சோடியம் 104 என்றாலும் மூளை அந்த நிலைக்குப் பழகிய மூளை.

அந்த மூளையைச் சுற்றி ஒரே இரவில் உப்பை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க, நான் நோயாளிகளின் வீட்டாரிடம் மாவடுவைத்தான் சொல்வேன். உப்பில் போட்ட மாவடு தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது அல்லவா, அதுதான் அங்கும் நடக்கிறது. வெளியே தள்ளிய கரைபொருள்களைத் திரும்பச் சேர்க்க மூளைக்குப் பல நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் கிடைக்காதபோது செல்கள் சுருங்குகின்றன. முதலில் அடிபடுபவை ஆஸ்ட்ரோசைட் என்னும் தாங்கு செல்கள். அவற்றைத் தொடர்ந்து, நரம்பிழைகளுக்கு மயலின் உறை சுற்றும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் மடிகின்றன. நரம்பிழை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதன் உறை உரிந்துபோகிறது. மயலின் உறை என்றால் மின்கம்பியின் மேலுறை போல என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. உறை இருப்பதால்தான் நரம்புத் துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவி விரைகிறது. உறை போனால் துடிப்பு தவழும், அல்லது வழியிலேயே நின்றுவிடும்.

இந்த நோய்க்கு 1959-இல் பெயர் வைத்தவர்கள் அமெரிக்க நரம்பியலாளர்கள் ரேமண்ட் ஆடம்ஸ், மாரிஸ் விக்டர், எலியட் மன்கால். மூளைத்தண்டின் நடுவில் 'பான்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பாலம் என்று பொருள். நான்கு நோயாளிகளின் மூளையில் அந்தப் பாலத்தின் நடுப்பகுதியில் மட்டும் மயலின் உரிந்திருப்பதை அவர்கள் விவரித்தார்கள். குடிநோயாளிகளுக்கும் சத்துக்குறைவானவர்களுக்கும் வரும் நோய் என்றே அப்போது எழுதினார்கள். சிகிச்சையின் வேகம்தான் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் 1970-களின் நடுவில்தான் எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் நோரன்பெர்க், ராபர்ட் லாரெனோ போன்றவர்கள் எலிகளிலும் நாய்களிலும் அதை நிரூபித்தார்கள். சோடியம் குறைந்த விலங்குகளுக்கு அதை வேகமாக ஏற்றியபோதுதான் மூளை கெட்டது. குறைவாகவே விட்டபோது இந்தச் சேதம் வரவில்லை. 1986-இல் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'ஆஸ்மாட்டிக் டீமயலினேஷன்' என்ற பெயர் நிலைத்தது. மருத்துவர்களுக்கு இது எளிதில் விழுங்க முடியாத உண்மை. இந்த நோய் வெளியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் நம் கையிலிருக்கும் சலைன் பாட்டிலின் வழியாக வருகிறது.

பாலத்தோடு சேதம் நிற்பதும் இல்லை. புட்டாமென், காடேட், தலாமஸ் என்று மூளையின் ஆழத்தில், நம் அசைவுகளின் அளவையும் தாளத்தையும் தீர்மானிக்கும் மையங்களையும் அது தொடலாம். இங்கே பட்ட அடிதான் பின்னாளில் இயக்கக் கோளாறாக வருகிறது. ஆகவே தாமதம் ஒரு தடவை மட்டும் இல்லை, இரண்டு தடவை நிகழ்கிறது. முதல் தாமதம் சில நாட்கள். சோடியம் ஏறி, நோயாளி தெளிந்து, இரண்டு முதல் ஆறு நாட்களில் பேச்சும் விழுங்குவதும் கைகால்களும் கெடும். மோசமானால் கண்ணை மட்டும் அசைக்க முடிகிற நிலைக்கே போய்விடுவார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கக்கூடும், பாலத்தின் நடுவே திரிசூல வடிவில் வெளுப்பு தெரிய இரண்டு வாரங்கள்கூட ஆகலாம். ஒரு ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதற்காக நோயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது தாமதம் வாரங்கள், மாதங்கள். முகம் இறுகி, நடை சுருங்கி, பார்க்கின்சன் நோய் போலவே சிலருக்கு வரும். சிலருக்குக் கழுத்தும் தாடையும் திருகும். சிலருக்குக் கை விரல்கள் தாமாக நெளியும். முதல் பாதிப்பு தேறிவரும்போதே இரண்டாவது முளைக்கும் என்பதுதான் இதில் எல்லாரையும் ஏமாற்றும் விஷயம். நன்றாகிக்கொண்டிருப்பவர் எப்படிக் கெடுவார் என்று நோயாளியே நம்ப மறுப்பார்.

ஏன் இப்படி? உரிந்த உறை மறுபடி வளரும்போது பழைய தடிமனில் வளர்வதில்லை. கணுக்களுக்கு இடையே உள்ள தூரமும் குறுகிவிடுகிறது. துடிப்பு போய்ச்சேர்கிறது, ஆனால் பழைய நேரத்துக்குச் சேர்வதில்லை. அந்தக் குழம்பிய நேரக்கணக்கை வைத்துக்கொண்டே மூளை தன் சுற்றுகளைப் புதிதாகப் பின்னுகிறது. பின்னல் தவறினால், ஒரு தசை இழுக்கும் நேரத்தில், விட வேண்டிய எதிர்த்தசையும் சேர்ந்து இழுக்கிறது. குணமாகும் முயற்சியே கோணலாகிறது என்பதுதான் நரம்பியலாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். மூளையில் இது புதுமையும் இல்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து டிஸ்டோனியா தொடங்குவதை ராபர்ட் பர்க், ஸ்டான்லி ஃபான் முதலியோர் 1980-இலேயே எழுதியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு புகையில் மயங்கிப் பிழைத்தவர் சில வாரங்கள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு நடை தளர்ந்து நினைவு மங்குவதும் மருத்துவ நூல்களில் பழைய செய்தி. அடிபட்ட தேதியையும் அறிகுறி வந்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. அதனால் இந்த நோயாளிகள் நரம்பியல், எலும்பு, மனநலம் என்று அலைகிறார்கள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். 104-ஐ 126 ஆக்கியது அந்த மருத்துவரின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. அங்கு ஓடியது சாதாரண நார்மல் சலைனாகவே இருந்திருக்கலாம். வாந்தியாலும் பிரஷர் மாத்திரையாலும் உடல் வற்றியிருக்கும்போது, தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் ஆணையிட்டுக்கொண்டே இருக்கும். சோடியம் குறைந்ததற்கு அதுவும் காரணம். டிரிப்ஸ் ஏறி உடலில் நீர் நிறைந்ததும், மாத்திரையை நிறுத்தியதும், அந்த ஆணை சட்டென்று விலகிவிடும். உடனே சிறுநீரகம் மதகு திறந்ததுபோலத் தெளிந்த சிறுநீரைக் கொட்டும். ரத்தத்தில் தண்ணீர் குறைய, சோடியம் தானாகவே விர்ரென்று ஏறும். நள்ளிரவில் யூரின் பை நிறைவதைப் பார்த்து, "யூரின் நல்லா போகுது" என்று வார்டில் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அந்த நிறைந்த பைதான் அபாய மணி. மணிக்கு 100 மில்லிக்கு மேல் வெளிறிய சிறுநீர் போனால், அடுத்த சோடியம் பரிசோதனையைக் காலைக்குத் தள்ளிவைக்கக் கூடாது. குறைந்திருக்கும் பொட்டாசியத்தை ஈடுகட்டினாலும் சோடியம் கூடவே ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேகம் எல்லை மீறியது உடனே தெரிந்தால் கையில் வழி இருக்கிறது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் டெஸ்மோபிரசின் மருந்தும் கொடுத்து ஏறிய சோடியத்தைக் கொஞ்சம் இறக்கலாம். இப்படித் திரும்ப இறக்குவது எலிகளின் உயிரைக் காப்பதை பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். மனிதர்களிலும் இது இன்று நடைமுறையில் உள்ளது. ஆனால் இரவில் இரண்டு தடவையாவது சோடியம் பார்த்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். நம் சிறு நகரங்களில் பல இடங்களில் இரவு லேப் இல்லை. வெளியே அனுப்பிய மாதிரியின் முடிவு காலையில்தான் வரும். 105-க்குக் கீழே சோடியம் உள்ள நோயாளியை இரவு லேப் இல்லாத இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலுதவி செய்து, மேல்சிகிச்சை உள்ள இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

மெதுவாக ஏற்றுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது இல்லை. வலிப்போடும் ஆழ்ந்த மயக்கத்தோடும் வருகிறவருக்கு 3 சதவீத சலைனை 100 அல்லது 150 மில்லி, நிமிடக்கணக்கில் கொடுத்தாக வேண்டும். முதலில் 4 முதல் 6 வரை ஏறினாலே மூளையின் வீக்கம் அடங்கி உயிராபத்து விலகும். அதற்குப் பிறகுதான் பொறுமை. 2014-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் முதல் 24 மணி நேரத்தில் 10, அதன் பின் நாளுக்கு 8 என்று எல்லை வகுத்தது. குடிநோயாளிகள், சத்துக்குறைவானவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், பொட்டாசியமும் குறைந்தவர்கள், 105-க்குக் கீழே போனவர்கள் ஆகியோருக்கு முதல் நாளிலேயே 8-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பகால வாந்தியில் வதங்கிய இளம்பெண்களையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

இந்த அச்சமே மிகை என்று இப்போது ஒரு குரல் எழுந்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் டொராண்டோ மருத்துவமனைகளில் சோடியம் குறைந்தவர்களின் 22,858 உள்நோயாளிச் சேர்க்கைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரையில், இந்த மயலின் சேதம் வந்தவர்கள் 12 பேர் மட்டுமே. அவர்களிலும் 7 பேருக்கு வேகமாக ஏற்றப்படவே இல்லை. மிக மெதுவாக ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதல் என்று சொல்லும் தொகுப்பாய்வுகளும் வந்துள்ளன. இவற்றைப் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. டொராண்டோ கணக்கு சோடியம் 130-க்குக் கீழே இருந்த எல்லாரையும் சேர்த்தது. அதில் பெரும்பாலோர் என் நோயாளியைப் போல 104-இல் வந்தவர்கள் அல்லர். மேலும் இத்தகைய ஆய்வுகள் மருத்துவமனைப் பதிவுகளையும் ஸ்கேன் அறிக்கைகளையும் வைத்து எண்ணுபவை. வீட்டுக்குப் போன மூன்றாம் மாதத்தில் திரும்பும் பாதம் அந்தக் கணக்கில் விழுவது கடினம். நம் ஊரிலோ எண்ணுவதற்கான முதல் தாளிலேயே எண் இல்லை.

நம் ஊரில் இது எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதியவர்களுக்குச் சோடியம் குறைவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, பிரஷர் மாத்திரையில் கலந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர்ப்போக்கு மருந்து. மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்றோ 'சிடி' என்றோ எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது உள்ளே இருக்கிறது என்று பொருள். நல்ல மருந்துதான். ஆனால் வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காத நாட்களில் அதைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அறவே நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கும் பெரியவர்களையும் பார்க்கிறேன்.

ஒருமுறை வந்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 1999-இல் ஜெர்மனியின் மெங்கர், யோர்க் இருவரும் தொடர்ந்து கவனித்த 34 பேரில் இறந்தவர்கள் 2 பேர்தான். 11 பேர் முழுமையாகத் தேறினார்கள். 11 பேர் சிறு குறைகளோடு தங்கள் வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 10 பேருக்குப் பிறர் துணை தேவைப்பட்டது. ஸ்கேனில் தெரியும் சேதத்தின் அளவை வைத்து யார் தேறுவார் என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துக் கைவிரிப்பதை நாங்கள் நிறுத்த வேண்டும். பார்க்கின்சன் போல வருபவர்களில் சிலருக்கு லெவோடோபா கேட்கும். திருகலுக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், பேக்லோஃபென், குளோனசிபாம் இருக்கின்றன. முறுக்கும் தசைக்குள்ளேயே போடும் பாட்டுலினம் ஊசி இருக்கிறது. அந்த அம்மாவுக்கு மனநோய் மாத்திரையை நிறுத்தினோம், ஏனெனில் அந்த வகை மருந்தே தசை முறுக்கைக் கூட்டக்கூடியது. பாதத்தை உள்ளே இழுக்கும் ஆழத்தசையில் ஊசி போட்டோம். மூன்றாவது வாரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய்வந்தார். கழுத்து இன்னும் சற்றுத் திருகித்தான் இருக்கிறது. ஊசியின் பலன் மூன்று, நான்கு மாதங்களில் குறையும். மறுபடி போட வேண்டும். மகன் இப்போது அம்மாவை "சும்மா நடிக்காதம்மா" என்று அதட்டுவதில்லை. அப்படிச் சொன்னதற்காக என் முன்னாலேயே அழுதார்.

என் சக மருத்துவர்களிடம் கேட்பது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சரிசெய்யப்பட்டது' என்று முடிக்காதீர்கள். சேர்ந்தபோது சோடியம் எவ்வளவு, 24 மணி நேரத்தில் எவ்வளவு, 48 மணி நேரத்தில் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்ற நான்கு எண்களை நேரத்தோடு எழுதுங்கள். வேகமாக ஏறியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வழக்குக்குப் பயந்து அந்த வரியை விடுவது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வரி இல்லாததால்தான் ஒரு பெண் மாதக்கணக்கில் பைத்தியக்காரப் பட்டத்தோடு இருந்தார். அடுத்த பத்து நாட்களில் ஒருமுறையும், பிறகு மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டிலும் வரச் சொல்லி, நடக்க வைத்துப் பாருங்கள். உட்கார வைத்துப் பார்த்தால் தெரியாது. அரசும் தனியார் மருத்துவமனைகளின் சங்கங்களும் இதை டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு கட்டமாகவே அச்சிட்டுவிடலாம். செலவு எதுவும் இல்லை.

உப்புச்சத்து குறைந்து உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், சீக்கிரம் ஏற்றுங்கள் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். ஒவ்வொரு சோடியம் பரிசோதனையின் சீட்டையும், தேதியும் மணியும் தெரியும்படி, கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஓராண்டுக்குள் பேச்சிலோ நடையிலோ கழுத்திலோ கையிலோ புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால், அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

- கட்டுரையாளர், நரம்பியல் மருத்துவர்